உப்புக்காற்று வீசும் ஊரில் பழைய காருக்கு மாற்றாக எதை வாங்குவது? இரண்டு மாதமாக உறக்கம் இல்லை

மண்டபம் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். இராமேசுவரம் அருகே மண்டபம் என்ற கடலோர ஊரில் இருக்கிறேன். 2011 மார்ச்சில் வாங்கிய டீசல் கார் ஒன்றை இன்றுவரை ஓட்டி வருகிறேன். சென்ற மாதம் என் மகன் பின்னிருக்கையில் தவறவிட்ட ஐந்து ரூபாய் நாணயத்தைத் தேடிக் கால்மிதியைத் தூக்கியபோது, தரைத்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே எங்கள் வாசல் மணல் தெரிந்தது. ஓரத்தை விரலால் தொட்டேன். பழைய அப்பளம் நொறுங்குவதைப் போலத் தகடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. என் அம்மா கால் வைத்து உட்காரும் இடம் அது. அன்று முதல் அவர்களை அந்த வண்டியில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

பதிவுக்காலமான 15 ஆண்டுகள் வரும் மார்ச்சில் முடிகின்றன. இந்த நிலையில் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோவதே வீண் என்று எங்கள் மெக்கானிக் சொல்லிவிட்டார். வீட்டில் ஆறு பேர்: அம்மா, மாமனார், நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். அன்றாட ஓட்டம் பள்ளிக்கும் கடைக்குமாக ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் மாதம் ஒருமுறை அம்மாவின் மூட்டு வலிக்கும் சர்க்கரைக்கும் மதுரை மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். ஒரு வழிக்கே சுமார் 150 கிலோமீட்டர். கையில் நான்கு லட்சம் இருக்கிறது, ஐந்து லட்சம் வரை கடன் வாங்கலாம். மகள் இரண்டு ஆண்டுகளில் கல்லூரிக்குப் போகிறாள் என்பதால் அதற்கு மேல் ஒரு ரூபாயும் இழுக்க முடியாது.

இராமநாதபுரத்திலும் மதுரையிலுமாக ஆறு ஷோரூம்கள் ஏறி இறங்கிவிட்டேன். எங்கு போனாலும் சலுகை இன்றோடு முடிகிறது என்கிறார்கள். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நான்கு அழைப்புகள் வருகின்றன. ஓரிடத்தில் முன்பணம் கட்டிய மறுநாள் விலைப்பட்டியலில் நான் கேட்காத இரண்டு இனங்கள் ஏறியிருந்தன. வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெற மூன்று வாரம் ஆயிற்று. மனைவி சிறிய புதுக் கார் போதும் என்கிறாள். துபாயில் இருக்கும் தம்பி, சென்னையில் ஏழு பேர் அமரும் பழைய வண்டி ஒன்றைப் பார்த்துவைத்து, உடனே முடிக்கச் சொல்கிறான். இரவு இரண்டு மணிவரை மதிப்புரைகளைப் படிக்கிறேன். அவற்றை எழுதுபவர்களின் ஊர்களில் வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இல்லை. தவறான வண்டியை வாங்கிவிட்டால் இன்னொரு முறை வாங்க இந்தக் குடும்பத்துக்கு வழி கிடையாது என்ற எண்ணம்தான் என்னை அலைக்கழிக்கிறது. இந்தக் கரையோரத்தில் இருப்பவர்கள் எதைப் பார்த்து முடிவெடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

இராமநாதபுரம் பட்டறைக்காரர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். இருபத்தெட்டு ஆண்டுகளாக டிங்கரிங் பட்டறை நடத்துகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஓட்டையை வாரம் ஒரு வண்டியிலாவது பார்க்கிறேன். பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை வண்டிகளுக்கும் பரமக்குடி வண்டிகளுக்கும் உள்ள வேறுபாட்டை வண்டியை லிஃப்டில் ஏற்றியவுடனே சொல்லிவிடலாம்.

துரு கடற்காற்றால் மட்டும் வருவதில்லை. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள் என்பதால், தகட்டின் மேல் படிந்த உப்பு வெயில் நேரத்திலும் அந்த இடத்தை முழுதாக உலரவிடாது. அதற்கு மேல் நாம் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. நம் பக்கத்துப் போர்த்தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதைக் கொண்டே வண்டியைக் கழுவுகிறோம். சிலர் வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்க வேண்டாமே என்று வாளியில் பிடித்துவைத்துக் கழுவுகிறார்கள். அது கிணற்றுநீரைவிட உப்பு மிகுந்தது. மேற்புறம் பளபளக்கும், அடியில் தகடு கரையும். மாதம் இரண்டு முறை கழுவினாலும் போதும், காவிரிக் குடிநீரிலோ பிடித்துவைத்த மழைநீரிலோ அடிப்பாகத்தை மட்டுமாவது பீய்ச்சிக் கழுவுங்கள். தனுஷ்கோடிச் சாலைக்குப் போய்வந்தால் அன்றே கழுவிவிடுங்கள். கடலோரத்தில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதும் கெடுதல். உள்ளே வேர்த்து நிற்கும்.

இப்போது சென்னை வண்டியைப் பற்றி. தம்பி பார்த்திருப்பது நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல வண்டிகள் நீரில் நின்றன. அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்திலும் அப்படியே. அவற்றில் சில துடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கும். நேரில் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம். முன்னிருக்கையின் சீட் பெல்ட்டை முழுதாக, கடைசி அங்குலம் வரை வெளியே இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில் சுருளுக்குள் இருந்த பகுதியில் கலங்கல் நீர் ஏறி நின்ற கோடு தெரியும். பெல்ட்டை அவிழ்த்துத் துவைக்கும் பொறுமை பெரும்பாலான புரோக்கர்களுக்குக் கிடையாது. பிறகு டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியின் அடியைக் கையால் தடவுங்கள். நம்மூர் வண்டியாக இருந்தால் மீன்பெட்டியிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீரால் அங்கே துரு இருக்கும், ஆனால் வண்டல் இருக்காது. வண்டல் கையில் ஒட்டினால் அது வெள்ளத்து வண்டி, பேச்சை நிறுத்திவிட்டு வந்துவிடுங்கள்.

புது வண்டியே ஆனாலும் டீசல் வேண்டாம் என்பது என் கருத்து. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகையைக் கட்டுப்படுத்தும் விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது சூடேறித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் தேவை. நாள்தோறும் ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், மாதம் ஒரு மதுரைப் பயணம் அதற்குப் போதாது. பெட்ரோல் வாங்குங்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றாமல் கூலன்ட் மட்டுமே ஊற்றுங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி:

ஆசிரியர் அவர்களே, உங்கள் பதிவைப் படித்தபோது எங்கள் வீட்டைப் பார்த்தது போலவே இருந்தது. சென்ற ஆண்டு எங்கள் வாப்பாவுக்கு முழங்கால் அறுவை முடிந்த பிறகு இதே அலைச்சலில் நாங்களும் இருந்தோம். என் கணவர் சவூதியில், காக்கா (அண்ணன்) சென்னையில். ஆளுக்கொரு வண்டியை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் முடிவைக் கொடுத்தது மதிப்புரை எதுவும் இல்லை. வாப்பாவைச் சக்கர நாற்காலியில் ஷோரூமுக்கே கூட்டிக்கொண்டு போய், நான்கு வண்டிகளில் ஏறி இறங்கச் சொன்னோம். தாழ்வான காரில் உட்காரும்போது முழங்கால் மடங்கிய வலியில் முகம் சுளித்தார்கள். ஓர் உயரமான வண்டியில் ஏற ஒரு பிடி தேவைப்பட்டது. மூன்றாவதில் இருக்கை அவர்களின் இடுப்பு மட்டத்திலேயே இருந்ததால், பக்கவாட்டில் உட்கார்ந்து கால்களைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒன்றும் பேசாமல் அந்த இருக்கையின் மேல் இரண்டு முறை தட்டினார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் விவாதம் நடக்கவில்லை. உங்கள் அம்மாவையும் கூட்டிப்போங்கள். வாரநாளில் காலையில் போனால் கூட்டம் இருக்காது.

பணத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதலாவது, ஃப்ளாட் வட்டி, அதாவது அடைத்ததைக் கழிக்காமல் கடைசிவரை முழுக் கடனுக்கும் போடும் வட்டி, என்று சொன்னால் மயங்க வேண்டாம். ஐந்து லட்சத்துக்கு ஐந்து ஆண்டுகள் 7 சதவீத ஃப்ளாட் வட்டி என்றால், மாதத் தவணை 11,250 ரூபாய், மொத்த வட்டி ஒன்றே முக்கால் லட்சம். நீங்கள் அடைக்க அடைக்கக் குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 12.5 சதவீத வட்டி. உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் குறையும் நிலுவை வட்டி எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டு, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். இரண்டாவது, ஷோரூம் விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி 13 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகிறது. 2023 நவம்பர் முதல் இதுதான் நடைமுறை. பத்து லட்சத்துக்குச் சற்று மேலே இருக்கும் மாடலைக் காட்டி, சில ஆயிரம்தானே கூடுதல் என்று சொல்வார்கள். வரியைச் சேர்த்தால் சில ஆயிரமாக இருக்காது. மூன்றாவது, பழைய வண்டிக்கு முழுக் காப்பீடு வைத்து, இழப்பீடு கோராமல் இருந்திருந்தால், அதற்காகக் கிடைக்கும் பிரீமியச் சலுகை (நோ கிளெய்ம் போனஸ்) வண்டிக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. வண்டியை விற்றவுடன் காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் கேட்டு வாங்குங்கள். புது வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை அது குறைக்கும்.

அழைப்புத் தொல்லைக்கு எங்கள் வழி எளிது. ஷோரூம்களில் என் எண்ணைக் கொடுக்காமல், வீட்டில் சும்மா கிடந்த பழைய கைப்பேசியின் எண்ணைக் கொடுத்தேன். மாலை ஐந்து மணிக்கு மட்டும் அதை எடுத்துப் பார்ப்போம். அந்த வாரமே வீட்டில் அமைதி திரும்பியது.

தொண்டி இளைஞர்:

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்கிறேன், ஐயா பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் ஏழெட்டு கிலோமீட்டருக்கு இருசக்கர வண்டி போதும். மதுரைக்கு மாதம் ஒருமுறை வாடகைக் கார் எடுத்தால் 11,250 ரூபாய்த் தவணையில் பாதிகூட ஆகாது. இராமேசுவரம்–மதுரை ரயிலும் மண்டபத்தில் நிற்கிறது. மகளின் கல்லூரிப் பணம் அப்படியே இருக்கும். கார் இல்லாத வீடு என்ற சொல்லுக்கு அஞ்சி ஐந்தாண்டுக் கடனில் இறங்க வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

மண்டபம் ஆசிரியர்:

மூவருக்கும் என் நன்றி. தொண்டித் தம்பி சொன்னதை நேற்று இரவு மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதுரைப் பயணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் தம்பி சொல்வது சரி. ஆனால் சென்ற ஆண்டு இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி மயங்கியபோது, வாடகை வண்டிக்கு ஐந்து பேரை அழைத்தும் ஒருவரும் எடுக்கவில்லை. இந்த ஓட்டை விழுந்த வண்டியில்தான் இராமநாதபுரம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆகவே வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை.

கீழக்கரைச் சகோதரி சொன்னபடி இன்று காலை அம்மாவைக் கூட்டிப்போனேன். தாழ்வான சிறிய கார் ஒன்றில் உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்க என் தோளைப் பற்றிக்கொண்டார்கள். ஏழு பேர் அமரக்கூடிய ரெனோ ட்ரைபர் காரில் பிடிப்பில்லாமலே இறங்கினார்கள். அதன் நீளம் நான்கு மீட்டருக்குள், எஞ்சினும் 1 லிட்டர் பெட்ரோல் என்பதால், 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். துபாயில் இருக்கும் என் தம்பி விரும்பும் மாருதி எர்டிகா நான்கு மீட்டரைத் தாண்டுவதால் புதிதாக வாங்கினால் 40 சதவீதத்தில் வருகிறது. ட்ரைபரில் தேவைப்படாதபோது மூன்றாம் வரிசை இருக்கையைக் கழற்றி வைத்துவிடலாம் என்பது மனைவிக்குப் பிடித்திருக்கிறது. மலைப்பாதை நமக்கு இல்லை என்பதால் எஞ்சின் சிறியது என்ற குறையை நான் பெரிதாக நினைக்கவில்லை, ஆனால் ஆறு பேரோடு ஏசி போட்டு ஒருமுறை பரமக்குடி வரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் முன்பணம் கட்டுவேன். தம்பியிடமும் பேசிவிட்டேன். சென்னை வண்டியின் சீட் பெல்ட்டை இழுத்துப் படம் அனுப்பச் சொன்னோம். மூன்று நாளாகியும் விற்பவர் அனுப்பவில்லை.

பட்டறை ஐயாவுக்கு ஒரு கேள்வி: புது வண்டி என்றால் அடிப்பாகத்துக்கு ஷோரூமிலேயே துருத் தடுப்புப் பூச்சு அடித்துக்கொள்ளலாமா?

இராமநாதபுரம் பட்டறைக்காரர்:

பூச்சு நல்லதுதான் ஐயா, ஆனால் அடிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கதவின் அடிவிளிம்பிலும் பக்கவாட்டுச் சட்டத்தின் அடியிலும் தண்ணீர் வடிய விரல் நுனி அளவில் துளைகள் இருக்கும். அவசரத்தில் பூச்சு அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் மழைநீர் உள்ளேயே நின்று, வெளியே தெரியாமல் உள்ளிருந்து அரிக்கும். உங்கள் பழைய வண்டிக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வண்டி ஈரமாக இருக்கும்போதும் அடிக்கவிடாதீர்கள். கழுவி ஒரு நாள் வெயிலில் உலர்ந்த பிறகு அடிக்கட்டும். முன்பணம் கட்டும் முன் வண்டியின் தயாரிப்பு மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெட்டவெளி யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டி நமக்கு வேண்டாம்.

வண்டி வந்தவுடன் ஒரு சனிக்கிழமை காலை பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். லிஃப்டில் ஏற்றி அந்தத் துளைகள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று உங்கள் மகனுக்கும் காட்டித் தருகிறேன். வருடம் இரண்டு முறை, வாடைக்காற்று தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும், ஒரு தீக்குச்சியால் அவன் குத்திப் பார்த்தால் போதும். அதுவரை அந்தப் பழைய வண்டியில் யாரையும் பின்னால் ஏற்றாதீர்கள். சீட் பெல்ட்டின் அடி போல்ட் அந்தத் தகட்டில்தான் முடுக்கப்பட்டிருக்கிறது.