விண்வெளி நிலையத்திலிருந்து விழுந்த பொருளை பைனாகுலரில் பிடிப்பது எப்படி?

வானம் பார்த்துப் பழகியவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

2023 நவம்பர் 1 அன்று நாசா விண்வெளி வீராங்கனைகள் ஜாஸ்மின் மோக்பெலி, லோரல் ஓ'ஹாரா இருவரும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே விண்நடையில் இருந்தபோது ஒரு கருவிப் பை நழுவிப் போனது நினைவிருக்கும். நிலையத்தை அவ்வப்போது மேலே தூக்கி நிறுத்துகிறார்கள். பைக்கு யார் இருக்கிறார்கள்? மெல்லிய காற்றின் இழுவையில் அது தாழ்ந்துகொண்டே போனது. தாழ்ந்தால் சுற்றும் வேகம் கூடும், அதனால் நிலையத்துக்குச் சில நிமிடங்கள் முன்னாலேயே ஓடியது. பிரகாசம் சுமார் ஆறாம் அளவு (வெறும் கண்ணுக்குத் தெரியும் எல்லை), பைனாகுலர் போதும் என்றார்கள்.

நானும் 10×50 பைனாகுலரோடு மூன்று சாயங்காலம் மொட்டை மாடியில் நின்றேன். நிலையம் ஜம்மென்று வந்தது. பையைத்தான் காணோம், கொசுக்கடிதான் மிச்சம். 2024 ஜூலையில் அது எரிந்தும் போய்விட்டது.

அடுத்த முறை ஏதாவது நழுவினால் கோட்டை விடக்கூடாது. அன்று நான் வானமெல்லாம் துழாவினேன், அதுதான் தப்போ? பாதையில் ஒரு நட்சத்திரத்தைக் குறித்துக்கொண்டு, பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டிக் காத்திருக்க வேண்டுமா? இன்னொன்று, நாலு நிமிடத்தில் பூமி ஒரு டிகிரி சுழன்றுவிடுகிறது. அப்படியென்றால் முன்னால் போகும் பொருள் நிலையத்தின் தடத்துக்குச் சற்றுக் கிழக்கே அல்லவா போகும்? இதை எப்படிச் சரிக்கட்டுகிறீர்கள்?

அப்புறம், கேட்டலாக் எண் (பூமியைச் சுற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியலில் தரும் எண்) கொடுத்தால் அந்தப் பொருளின் பாதையை மட்டும் தனியாகக் காட்டும் மொபைல் ஆப் எதுவும் இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பையை யாராவது நேரில் பார்த்திருந்தால், வயிற்றெரிச்சலோடு கேட்கிறேன், எப்படி இருந்தது?