கேம் மாட்டிய பிறகு செயின் தொய்கிறது: பழைய பலியஸ் 250, உதவி தேவை

ஒட்டுசுட்டான் பொடியன்:
அண்ணைமாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 1990களின் கவாசாகி பலியஸ் 250. நாலு சிலிண்டர், இரட்டைக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு). எங்கள் பக்கத்துக் கிரவல் புழுதி ரேடியேட்டரை அடைத்து, எஞ்சின் சூடாகி, ஹெட் (எஞ்சினின் மேல்பாகம்) காஸ்கெட் போய்விட்டது. புதியது போட்டு ஹெட்டையும் திரும்பப் பூட்டிவிட்டேன். இப்போது கேம் இரண்டையும் வைத்தால், வெளிக் கேமின் (புகை வெளியேறும் வால்வுகளுக்கானது) மார்க் ஹெட் விளிம்போடு சரியாக நிற்கிறது. உள் கேமின் (பெட்ரோல் கலவை உள்ளே வரும் வால்வுகளுக்கானது) மார்க் அரைப் பல்லுக்கு ஏறி நிற்கிறது. கேம்களின் இரண்டு ஸ்ப்ரொக்கெட்டுக்கும் (பற்சக்கரம்) நடுவில், கிராங்கிலிருந்து (பிஸ்டன் சுழற்றும் தண்டு) கேம்களைச் சுழற்றும் செயினை விரலால் அமுக்கினால் நன்றாகவே இறங்குகிறது. டென்ஷனர் (செயினைத் தள்ளி இறுக்கும் பாகம்) இன்னும் பூட்டவில்லை. செயின் நீண்டுவிட்டதா? கொழும்பில் சொல்லி எடுப்பிக்க வேண்டுமா?

கிளி சவாரி:
டென்ஷனர் தானாக இறுக்கும் வகைதானே. பூட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், தளர்வை அதுவே எடுத்துவிடும்.

மாங்குளம் கராச்:
தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். டென்ஷனர் தளர்வை எடுக்கும், தவறிய பல்லைத் திருத்தாது. ஸ்ப்ரொக்கெட்டில் 36 பல் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பல் தவறினால் கேமில் 10 பாகை, கிராங்கில் 20 பாகை. வால்வு பிஸ்டனில் இடித்தால் காஸ்கெட் செலவை நினைத்துச் சிரிப்பீர்கள்.

தம்பி, தளர்வு இருப்பது பிழை இல்லை. அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் கேள்வி. கிராங்கிலிருந்து வெளிக் கேமுக்கு ஏறும் முன்பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். இரண்டு கேமுக்கும் நடுவிலும் அப்படித்தான். மிச்சத் தொய்வு முழுவதும் பின்னால், டென்ஷனர் தள்ளுகிற பக்கத்துக்குப் போய்விட வேண்டும். உமக்கு நடுவிலேயே தொய்கிறது என்றால் ஏதோ ஒன்று பிந்தி நிற்கிறது. முன்பக்கம் எப்படி இருக்கிறது? ஹெட் கழற்றியபோது செயினைக் கம்பியால் கட்டி வைத்தீரா?

ஒட்டுசுட்டான் பொடியன்:
முன்பக்கமும் கொஞ்சம் ஆடுகிறது அண்ணை. செயினைக் கட்டவில்லை. ஒருமுறை உள்ளே விழுந்தது, காந்தத்தால் எடுத்தேன்.

மாங்குளம் கராச்:
அங்கேதான் கதை. கீழே கிராங்க் பல்லில் செயின் சரியாக உட்காரவில்லை, சுருண்டு பக்கத்தில் ஏறிக் கிடக்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் ஓடிய ஹொண்டா எம்டி 90 பைக் எத்தனையோ பிரித்திருக்கிறேன். ஒற்றைக் கேம், கண் பார்த்துக் கை செய்யும். இது பதினாறு வால்வு, அந்தத் துணிச்சல் இதில் கூடாது.

இரண்டு கேமையும் திரும்ப எடும். கேம் மூடிப் போல்டுகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்தும். வால்வு ஸ்பிரிங் கேமை ஒரு பக்கம் தூக்கினால் மூடியில் வெடிப்பு விழும். செயினைக் கையால் மேலே இழுத்துப் பிடித்தபடியே கிராங்கை மெதுவாகத் திருப்பி ‘டி’ மார்க்குக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் குறி) கொண்டுவாரும். இழுக்காமல் திருப்பினால் திரும்பவும் சுருளும். பிறகு முதலில் வெளிக் கேம், முன்பக்கம் விறைப்பாக. அதன் பிறகு உள் கேம். இரண்டு மார்க்குக்கும் இடையில் செயின் பின்களை எண்ண வேண்டும். எத்தனை என்பது மொடலுக்கு மொடல் மாறும், உமது மொடலின் மனுவலில் பாரும். வேறு பைக்கின் எண்ணிக்கையை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

டென்ஷனர் ஓட்டை வழியாக ஒரு மரக்குச்சியால் செயினைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மார்க்கைப் பாரும். அரைப் பல் பிசகு என்று நீர் சொன்னது அப்போதுதான் உண்மையா பொய்யா என்று தெரியும்.

ஒட்டுசுட்டான் பொடியன்:
அண்ணை, சொன்னது போலத்தான்! இழுத்துத் திருப்பும்போது கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம், செயின் உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் இப்போது தந்தி மாதிரி நிற்கிறது. உள் கேமை ஒரு பல் மாற்றி வைத்தேன், குச்சியால் தள்ளினால் இரண்டு மார்க்கும் விளிம்போடு நேராக வருகின்றன. இனி டென்ஷனரைப் பூட்டலாமா?

மாங்குளம் கராச்:
பூட்டலாம், ஆனால் டென்ஷனர் தண்டை முழுவதும் உள்ளே தள்ளிப் பூட்டிய பிறகுதான் ஸ்பிரிங்கும் மூடியும். இடையில் போல்டைத் தளர்த்தினால் தண்டு வெளியே வந்துவிடும், திரும்பிப் போகாது. அப்படியே இறுக்கினால் செயின் அளவுக்கு மீறி முறுகும். தளர்த்தினால் கழற்றி முதலிலிருந்து தொடங்கும். பிறகு ஸ்பனரால், எஞ்சின் ஓடும் திசையில், கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது கனமாக முட்டினால் அழுத்தாமல் நிறுத்தும். சுற்றிய பிறகும் மார்க்குகள் அங்கேயே நின்றால் மட்டும் பிளக்கைப் போடும்.

கிளி சவாரி:
நான் சொன்னதை மறந்துவிடுங்கள். 🙏

ஒட்டுசுட்டான் பொடியன்:
இரண்டு சுற்றும் சரி, ஒரு முட்டும் இல்லை. நேற்று மாலை ஸ்டார்ட் பண்ணினேன். முதலில் நாலைந்து செக்கன் கடகடத்தது, ஒயில் ஏறியதும் அடங்கிவிட்டது. முத்தையன்கட்டு வரை போய் வந்தேன். செயினும் வாங்கவில்லை, காசும் மிச்சம்.

மாங்குளம் கராச்:
ரேடியேட்டரைக் கழுவினீரா?

ஒட்டுசுட்டான் பொடியன்:
நாளைக்கு அண்ணை.