4294967297 முதன்மை எண்ணா, இல்லையா?

வெள்ளவத்தை ராசா: நேற்று இங்கே ஒருவர் பெரிய முதன்மை எண்கள், அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்கள், என்று பட்டியல் போட்டார். அதில் 4294967297ஐக் காணோம். கேட்டால் "அது வகுபடும்" என்று ஒற்றை வரியில் பதில். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள் ஐயா, 59. முதன்மை எண். ஓர் இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போனால் வரும் இலக்கச் சுட்டி 5. அதுவும் முதன்மை எண். இன்னும் என்ன வேண்டும்?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்: பட்டியல் போட்டது நான்தான். 641 × 6700417. கணித மேதை ஒயிலர் 1732இலேயே கண்டுபிடித்துவிட்டார். கொஞ்சம் பிந்தித்தான் வந்திருக்கிறீர்கள்.

ராசா: 59ஐப் பற்றி மூச்சே இல்லை. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெகிவளைத் தங்கச்சி: ராசா அண்ணா, 25இன் இலக்கங்களைக் கூட்டினால் 7. அப்போ 25உம் முதன்மை எண்ணா? இலக்கச் சுட்டி 3ஆலும் 9ஆலும் வகுபடுமா என்று பார்க்கத்தானே?

ராசா: தங்கச்சி, 25 சின்ன எண். நான் கதைப்பது பத்து இலக்க எண்ணை. ஒயிலருக்கு முந்திய கணித மேதை ஃபெர்மாவே இதை முதன்மை எண் என்றுதான் நம்பினார். அவருக்குத் தெரியாதது கொட்டாஞ்சேனையில் தெரிந்துவிட்டதாக்கும்!

கணக்கன்: 2இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு 1ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் முதன்மை எண்களாக வந்ததால் அடுத்ததும் வரும் என்று ஃபெர்மா நம்பினார், அவ்வளவுதான். 2இன் 32ஆம் அடுக்கோடு 1ஐக் கூட்டினால் இந்த எண். இதை வகுக்கும் முதன்மை எண் எதுவானாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். ஒயிலர் நிறுவியதுதான். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது.

ராசா: கல்குலேற்றரில் தட்டியிருப்பீர்கள். அது கடைசி இலக்கத்தை மட்டந்தட்டும்.

கணக்கன்: கொப்பியில், பேனையால். 6700417ஐ 600ஆல் பெருக்க 4020250200. 41ஆல் பெருக்க 274717097. இரண்டையும் கூட்டுங்கள்.

ராசா: கூட்டினேன். வந்த விடையின் இலக்கங்களையும் கூட்டினேன். 59!

தங்கச்சி: ஐயோ கடவுளே.

பம்பலப்பிட்டிப் பார்வையாளன்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "பகா எண்" என்பதுதான் நல்ல தமிழ். பகாது, ஆகவே பகா.

கணக்கன்: எங்கள் பாடப் புத்தகத்தில் முதன்மை எண். யூடியூப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குத் தமிழ் படிப்பிக்க வேண்டாம்.

பார்வையாளன்: புத்தகத்தில் இருந்தால் வேதமா? ஒயிலரையும் இப்படித்தான் நம்பினீர்களோ?

ராசா: அப்படிக் கேளுங்கள்! போன மாதம் 100ஆம் இலக்க பஸ் கொட்டாஞ்சேனைக்குப் போகும் என்று என்னைப் புறக்கோட்டை வெயிலில் நிறுத்தியவர் இவர்தான்.

கணக்கன்: புறக்கோட்டையில் இறங்கி வேறு பஸ் எடுங்கள் என்று எழுதினேன். முழுசாக வாசிக்காதது என் பிழையா?

தங்கச்சி: 641ஐ வைத்து வகுத்துப் பார்த்தீர்களா, இல்லையா அண்ணா?

ராசா: அதை விடுங்கள். 59ஐ எதால் வகுப்பீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.