புதுப்பிப்பு: இசைக்கேற்பப் பின்னோக்கி நடக்க என் நாய் கற்றுக்கொண்டது

நாயுடன் இசைக்கு ஆடும் பயிற்சியில், என் லாப்ரடார் பின்னோக்கி நடக்கச் சொன்னால் இரண்டடியில் உட்கார்ந்துவிடுகிறது, இல்லையேல் இடுப்பு வளைந்து பக்கவாட்டில் விலகிவிடுகிறது என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, சுவரையொட்டி நாற்காலிகளை வரிசையாக வைத்து, நாயின் உடலைவிடச் சற்றே அகலமான இடைவழி அமைக்கும் யோசனைதான். தின்பண்டத்தை மூக்குக்கு மேலே உயர்த்தியதால்தான் அது உட்கார்ந்திருக்கிறது. ஆகவே கையை அதன் மார்பு மட்டத்துக்குத் தாழ்த்தி, பின்னங்கால் ஓர் எட்டு நகர்ந்த நொடியிலேயே கிளிக்கரை (சரியாகச் செய்ததை நாய்க்கு உணர்த்த 'கிளிக்' என ஒலிக்கும் சிறு கருவி) அழுத்தி, தின்பண்டத்தை முன்னங்கால்களுக்கு நடுவே போட்டேன். தினமும் ஐந்து நிமிடம் பழக்கி, ஒன்பதாம் நாளிலிருந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். இப்போது திறந்த இடத்திலும் நேராக எட்டு அடிகள் பின்னோக்கி வைக்கிறது.

நான் எதிர்பாராதது தரை. மொசைக்கில் நகங்கள் கீறும் ஓசையைக் கேட்ட பிறகுதான், அது வழுக்கலுக்கு அஞ்சித் தயங்குகிறது என்று புரிந்தது. ரப்பர் விரிப்பு போட்ட அன்றே தயக்கம் பாதியாகக் குறைந்தது. பின்னோக்கி நடக்க மறுக்கும் நாய்க்கு இடுப்புவலி உள்ளதா என்று கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டுவது மிக அவசியம்; நானும் காட்டிய பிறகே தொடங்கினேன்.

பாடலை இன்னும் சேர்க்கவில்லை. சொல்லுக்கு மட்டும், கையசைவே இல்லாமல் பின்வாங்கும்போது சேர்ப்பேன்.