பிடிமானக் கரண்டி நெல்லையில் எங்கே கிடைக்கும்?

எங்கள் ஆச்சிக்கு முடக்குவாதம். வலது கை விரல்கள் முழுதாக மடங்காது. பிசைந்து எடுத்த சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி உதிர்ந்துவிடுகிறது. ஊட்டிவிட்டால், “நான் என்ன பச்சப்பிள்ளையா?” என்று கோபம். நியாயம்தானே!

சாதா ஸ்பூன் காம்பு மெலிசு, நழுவுகிறது. காம்பில் ஸ்பாஞ்ச் சுற்றிக் கொடுத்தோம். பிடிக்க வந்தது, ஆனால் ஈரம் காயாமல் நாறுகிறது. கழுவக்கூடிய தடித்த ரப்பர் பிடி, கழுத்தை வளைத்துக்கொள்ளும் கரண்டி, இல்லையென்றால் உள்ளங்கையில் வெல்க்ரோ பட்டையால் மாட்டுவது வேண்டும். சொதி ஊற்றிய சோறு அள்ள, குழி கொஞ்சம் ஆழமாக இருக்கட்டும். எடை கூடிய கரண்டி வேண்டாம். அது கை நடுக்கம் உள்ளவர்களுக்கானது; மூட்டுவலிக்குப் பாரம்தான்.

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை சர்ஜிக்கல் கடைகளில் யாராவது வாங்கியிருக்கிறீர்களா? நான் கேட்ட கடையில் வாக்கரைக் காட்டுகிறார்கள். அப்புறம், வீட்டுக்கு வந்து கையைப் பார்த்துச் சொல்லும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) இருந்தாலும் சொல்லுங்கள்.