புதுப்பிப்பு: சிப்பிப்பாறை நாய் இருக்கும் வீட்டில் முயல்

சிப்பிப்பாறை நாயோடு முயலையும் வளர்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முயல் நன்றாக இருக்கிறது, ஆனால் தனி அறையில்தான். சிப்பிப்பாறை முயல் வேட்டைக்குப் பழகிய நாய் இனம். ஓடுவதைக் கண்டால் துரத்தத்தான் செய்யும். அதற்காக என் நாயை அடிக்க எனக்கு மனமில்லை.

கதவருகே காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறான். அது பாசமில்லை, குறிவைப்பது. உள்ளே முயல் பின்னங்காலால் தரையைப் படாரென்று தட்டுகிறது. நாய் தொடாவிட்டாலும் பயத்திலேயே முயல் தீனியை விட்டுவிடும். அரை நாள் சாப்பிடாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் குடல் இயக்கம் நின்றுபோகலாம். உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இப்போது நாய் வெளியே நடக்கப் போகும் நேரத்தில்தான் முயலுக்குக் கூடம். அப்புறம், கூண்டு மட்டும் போதுமா என்று கேட்டவர்களுக்கு: போதாது, நடுவில் மூடிய கதவும் இருக்கட்டும்.