ஊட்டியில் சர்வர் வேலை இன்டர்வியூ: என்ன கேட்பார்கள்?

அண்ணன், அக்கா எல்லோருக்கும் வணக்கம். வருகிற வியாழக்கிழமை ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு செயின் ரெஸ்டாரன்டில் சர்வர் வேலைக்கு இன்டர்வியூ. பீட்சா, பாஸ்தா, சிஸ்லர் போடுகிற இடம். குன்னூரில் மாமாவின் மெஸ்ஸில் இலை போட்டு, சாம்பார் வாளி தூக்கிப் பழக்கம் உண்டு. இங்கே ஆர்டரை டேப்லெட்டில் எடுக்க வேண்டுமாம். பில்லிங் மெஷின் பக்கமே நான் போனதில்லை.

இதே மாதிரி இடத்தில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: முதல் ரவுண்டிலேயே தட்டு தூக்கச் சொல்வார்களா, பேச்சு மட்டும்தானா? "கஸ்டமர் கோபப்பட்டால் என்ன செய்வாய்" என்பது எப்படியும் வரும். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தைச் சமாளித்தவனுக்கு அது பெரிதில்லை. உதறல் எல்லாம் வேறு இரண்டு கேள்விகளில்தான். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கேட்பவரிடம், நீலகிரியில் அதற்குத் தடை என்று அவர் முகம் கோணாமல் எப்படிச் சொல்வது? சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. 2025இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கஸ்டமர் அதைப் பற்றிக் கேட்டால் நாமே பதில் சொல்வதா, மேனேஜரைக் கூப்பிடுவதா?

அப்புறம் சம்பளம். டிப்ஸைப் பொதுவில் போட்டுப் பிரிப்பார்களா என்று நாமாகக் கேட்கலாமா? இரவு கடை மூடிய பிறகு குன்னூருக்கு பஸ் கிடைப்பது கஷ்டம். தங்க இடம் கேட்டால் வேலைக்கே வேட்டு வைத்துவிடுவார்களோ? மலையாளம் சரளமாகப் பேசுவேன், கன்னடம் சுமார்.

ஸ்வெட்டரோடு உள்ளே போகலாமா? குளிர் ஆளைக் கொல்கிறது.